புள்ளி பெற்ற சுரம்

தமிழிசையை ஏட்டில் எழுதுதற்கு ஏழு எழுத்துக்களே போதும் என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். ஸ, ரி, க, ம, ப, த, நி என்னும் அவ்வேழும் எல்லா அச்சுக்கூடங்களிலும் கிடைப்பன. மேனாட்டிசைக்கு வேண்டும் ஐந்து கோடுகளும், அவற்றின் மேலும் இடையிலும் அமரும் முட்டைவடிவக் குறிகளும் நமக்கு வேண்டா என்பர். இது பாதி உண்மையே. எழுத்துக்கள் ஏழாயினும் அவற்றின் தலைமேல் ஏறுவனவும், அடியிற் றொங்குவனவும், பக்கத்தே நிற்பனவுமாகிய குறிகள் பல. சுரம் வலிவிலோ மெலிவிலோ நிற்பது, அது நீள்வது, குறுகுவது, அசைவது, வழுக்குவது ஆகிய யாவும் அக்குறிகளாலேயே உணர்த்தப்படுகின்றன. எழுத்துக்களோ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்கின்றன. குறிகளோ காலந்தோறும் கருவிதோறும் இடர்ப்பட்டு வந்துள்ளன. ஓலை, கல், ஈய அச்சு, தட்டச்சுப் பொறி, கணினி என்னும் ஐந்தினிடத்தும் அவை பட்ட பாட்டினை ஆராய்வது இசை மாணவர்க்கு மட்டுமன்றி மொழி மாணவர்க்கும் பயன் தருவதாகும். கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களையும் பொறுத்தவரை இவ்வாராய்ச்சிக்கு ஒரு தனித் தேவையும் உண்டு.

முதற்கண் புள்ளியை எடுத்துக்கொள்ளலாம். மெய்யெழுத்தின் இயல்பு புள்ளியொடு நிற்றல் என்பது தொல்காப்பியர் வகுத்த இலக்கணம். உயிர் நீங்கிய நிலையைக் காட்டுவது அப்புள்ளி. ஓலையிற் புள்ளி குத்தின் ஓலை கிழியும் என அஞ்சி ஏடெழுதுவோர் பெரும்பாலும் அதனை விட்டெழுதினர் என்பதும், படிப்போர் இடம் நோக்கி மெய் இது, உயிர்மெய் இது எனத் தெளிந்தனர் என்பதும் சுவடி பயின்றார் அறிந்தனவே. அச்சு வந்த பின்னரே புள்ளி தன் இடத்தை உறுதியாகப் பெற்றது. அங்ஙனம் பெற்ற பிறகு இசைநூலார் அதே புள்ளியை வேறொரு தொழிலுக்கும் ஏவினர். வலிவுத் தாயியில் நிற்கும் சுரத்தின் தலைமேல் ஒரு புள்ளி, மெலிவுத் தாயியில் நிற்பதன் அடியில் ஒரு புள்ளி என்பது இந்திய இசையெழுத்தில் பரவலாக வழங்கும் மரபு. தெலுங்கிலும் தேவநாகரியிலும் இம்மரபால் இடர் சிறிது. அவ்வெழுத்துக்களில் மெய்க்குத் தலைப்புள்ளி இல்லை. தமிழிலோ ஸ என்பதன்மேற் புள்ளி ஏறியவுடன் அது ஸ் ஆகின்றது. க, ம, ப, த என்பனவும் அவ்வாறே க், ம், ப், த் ஆகின்றன. ஏழு சுரங்களுள் ஐந்து இங்ஙனம் மெய்யெழுத்தாகத் தோன்ற, இகரம் பெற்ற ரி, நி என்னும் இரண்டு மட்டுமே மயக்கத்துக்கு இடமின்றி நிற்கின்றன.

பாடுவோர்க்கு இதனால் இடர் இல்லை. சுரவரிசையில் மெய்யெழுத்து வருதல் இல்லை என்பதை அவர் அறிவர். ஆதலின் ஸ் என்பதை வலிவு ஸ என்றே கொள்வர். ஒருருவம் இருபொருள் தாங்கி, இடம் நோக்கித் தெளியப்படுகின்றது. ஆயினும் பொருளை அறிந்த மனிதன் பக்கத்தில் இருக்கும்வரையே இத்தெளிவு நிற்கும். அவன் நீங்கியபின் உருவம் மட்டும் எஞ்சுமாயின் விளைவது யாது என்பதற்குக் கல்லிற் பொறித்த சான்று ஒன்று உண்டு.

அது புதுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள குடுமியான்மலையிற் குடைவரைக் கோயிலை அடுத்த பாறையில் உள்ளது. ஏழாம் நூற்றாண்டினது எனக் கொள்ளப்படும் அக்கல்வெட்டு பல்லவ கிரந்த எழுத்தில், வடமொழியில் அமைந்தது. உருத்திராசாரியார் என்பாரின் மாணவனாகிய ஓர் அரசன் அதனைப் பொறிப்பித்தான். அவன் முதலாம் மகேந்திரவர்மனே என்பார் பலர், அல்லன் என்பாரும் உளர். அப்பாறையில் ஏழு பகுதிகளாக, நந்நான்கு சுரங்களாகப் பகுத்து இசை எழுதப்பட்டுள்ளது. அதில் ஒரு புதுமை காணப்படுகின்றது. ஒவ்வொரு சுரமும் அ, இ, உ, எ என்னும் நான்கு உயிர்களோடு மாறி மாறி வருகின்றது. ர, ரி, ரு, ரெ என ஒரு சுரமே நால்வகையாகின்றது. இவ்வுயிர் மாற்றம் சுருதி நுட்பத்தைக் குறித்ததோ, வீணை மீட்டும் முறையைக் குறித்ததோ, வேறொன்றோ என அறிஞர் வாதிட்டுள்ளனர். போதாக்குறைக்குச் சில எழுத்துக்களின் தலைமேற் புள்ளியும் உண்டு. அதன் பொருள் பற்றியும் கருத்தொருமை இல்லை. ஈற்றில் இவை எட்டிற்கும் ஏழிற்கும் உரியன என்னும் கருத்துப்பட ஒரு தமிழ்த் தொடர் பொறிக்கப்பட்டுள்ளது. எவற்றின் எட்டு, எவற்றின் ஏழு என்பதோ சொல்லப்படவில்லை.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் அழியாது நின்ற எழுத்து அது. எழுதியவன் கல்லினும் வலிய பொருளை நாடியிருத்தல் இயலாது. எனினும் அவ்விசையை இன்று எவராலும் ஐயமின்றிப் பாடமுடியவில்லை. உருவம் முழுதும் இருக்கின்றது. உருவத்துக்குரிய பொருளட்டவணை இல்லை. குறி இழக்கப்படுவது அது அழியும்போது மட்டுமன்று என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை எனலாம்.

மேலேறும் குறிகளை வேண்டாது எழுத்தொலியையே இசைக்குறியாகக் கொண்ட மரபு நெடுங்காலம் பிழைத்து வந்துள்ளமை இதனோடு ஒப்பிடத்தக்கது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைக்கும் ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ என்னும் ஏழு நெட்டுயிர்களைத் திவாகர நிகண்டு எழுத்தாகக் கூறும். ஈரோட்டுப் பகுதியைச் சேர்ந்த அறச்சலூர்க் குகையில், நான்காம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கருதப்படும் எழுத்தில், த, தா, தை என்னும் அசைகள் ஐந்தைந்தாய்ச் சதுரமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஆடலுக்கோ தாளத்துக்கோ உரிய அசைகள் அவை என்பது பார்த்த அளவிற் புலனாகும்; அவற்றின்மேற் புள்ளியும் கோடும் இன்மையால் ஐயம் அவ்வளவுக்குக் குறைகின்றது.

இம்மரபைக் கண்டியிலே காதாற் கேட்கலாம். மிருதங்கம் பயிலும் மாணவன் முதலிற் கற்பன த, தி, தொம், நம் என்னும் நான்கு சொற்கள். கண்டி நடனத்துக்குரிய கெட பெரய என்னும் முழவைப் பயிலும் சிங்கள மாணவன் முதலிற் கற்பன தத், ஜித், தொங், நங் என்னும் நான்கு. இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்ப்பவர்க்கு உறவினை விளக்க வேறு உரை வேண்டா. கண்டி மரபின் பதினெட்டு வண்ணங்களும் தானம் எனப்படும் அசைக்கோவையைத் தொடக்கத்தே பெறுவன. தமிழில் அருணகிரிநாதர் திருப்புகழுக்குத் தன, தான என வரும் சந்தக் குழிப்பு எத்தகையதோ அத்தகையது அதுவும். வண்ணம் என்னும் பெயரே தொல்காப்பியம் இருபதாக வகுத்துரைக்கும் வண்ணங்களை நினைவூட்டும். 1739 முதல் 1815 வரை கண்டியில் அரசிருந்த நாயக்க மன்னர்க்கு மதுரைத் தொடர்பு இருந்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. யார் யாரிடம் பெற்றனர் என்னும் வழக்கு ஒருபுறம் கிடக்க, இவ்விரு மரபும் பிழைத்தமைக்கு ஒரு காரணம் அவை வாயாற் சொல்லத்தக்க எழுத்தையே நம்பியமையாகும். சொல்லத்தக்கதை எந்த எழுத்திலும் எழுதலாம். நெளிகோட்டைச் சொல்ல இயலாது, காட்டத்தான் வேண்டும்.

காட்டவேண்டிய குறிகளை அச்சேற்றுவது எங்கும் எளிதாயிருக்கவில்லை. வெனிசு நகரத்து ஒட்டாவியானோ பெத்ருச்சி 1501இல் தம் முதல் இசைநூலை வெளியிட்டபோது ஒரே தாளைப் பன்முறை அழுத்தினார். கோடுகள் ஒருமுறை, குறிகள் ஒருமுறை எனப் படிப்படியாக ஏற்றவேண்டியிருந்தது. பாரிசில் அத்தெஞ்ஞாங் என்பார் 1528 அளவிற் குறியையும் அதனைச் சார்ந்த கோட்டுத்துண்டையும் ஒரே அச்சில் வார்த்து ஒரேமுறையில் அழுத்தும் வழியைப் பரப்பினார். அதன்பின் செப்புத்தகட்டிற் செதுக்கும் முறை ஓங்கியது. இவற்றை விரித்தல் வேண்டா. மேனாட்டார் நானூறு ஆண்டுகளாக இசைக்கெனத் தனி அச்சும் தனித் தொழிலாளரும் வைத்திருந்தனர் என்பதும், நம்மவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை என்பதுமே வேண்டுவன.

அவ்வாய்ப்பு இல்லாதவிடத்தும் பெருஞ்செயல் செய்தது எட்டயபுரம். சென்னையிற் சின்னசாமி முதலியார் 1890களின் தொடக்கத்திற் கீழ்நாட்டிசையை மேனாட்டுக் குறியீட்டில் அச்சிடத் தொடங்கினார். 1893இல் வெளிவந்த அவர் நூலில் ஐங்கோட்டின்மீது தியாகராசரின் கீர்த்தனங்கள் ஏறின. அவருடைய உழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் ஐங்கோடு சுரத்தின் நிலையைக் காட்டுமேயன்றி ஒரு சுரத்திலிருந்து மறுசுரத்துக்குக் குரல் செல்லும் வழியைக் காட்டாது. கமகம் என்பது அவ்வழியே. அவர் துணைவேண்டி அணுகியவர் எட்டயபுர அவைக்களத்துச் சுப்பராம தீட்சிதர். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரனாகிய சுப்பராமர், பின்னர்த் தாமே ஒரு பெருநூலைத் தொகுத்தார். சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் அந்நூல் 1904இல் எட்டயபுரம் வித்தியாவிலாசினி அச்சகத்திற் றெலுங்கெழுத்தில் வெளிவந்தது.

முத்துசுவாமி தீட்சிதரின் இருநூற்றுக்கும் மேற்பட்ட உருப்படிகளைச் சுரதாளக் குறிப்போடு தந்தது அந்நூலின் பெருமைகளுள் ஒன்று. குறியீட்டு வரலாற்றில் அதற்குரிய இடம் வேறு. கம்பிதத்துக்கு நெளிகோடு, ஸ்புரிதத்துக்கு மூன்று புள்ளி, ஏற்ற ஜாருவுக்கு வலம் நோக்கி ஏறும் சாய்கோடு, இறக்க ஜாருவுக்கு இறங்கும் சாய்கோடு எனக் கமகந்தோறும் ஒரு குறியைச் சுப்பராமர் நிறுவினார். நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஒதுக்கல், ஓரிகை என்பனவற்றுக்கும் குறி உண்டு. அத்துடன் நில்லாமல், ஒவ்வொரு குறிக்கும் விரல் வீணையின்மீது என்ன செய்யவேண்டும் என்பதை விளக்கியும் எழுதினார். எழுத்துக்கோப்பவன் பெட்டியில் இக்குறிகள் இயல்பாக இருப்பன அல்ல. பக்கந்தோறும் சுரத்தின் தலைமேல் இவற்றைப் பொருத்தி, கால அளவைக் காட்டும் மேற்கோடுகளையும் பிழையின்றி அமைத்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களை ஒரு சிற்றூர் அச்சகம் முடித்தமையை எண்ணுந்தோறும் வியப்பு மிகும். குடுமியான்மலைப் பாறையையும் எட்டயபுரப் புத்தகத்தையும் ஒப்புநோக்குவார்க்கு உண்மை ஒன்று புலனாகும்: பாறை உருவத்தை வைத்துப் பொருளை விட்டது, புத்தகம் உருவத்தையும் பொருளையும் ஒருங்கே வைத்தது. தாள் பாறையினும் மெலியதாயினும், அத்தாளிலிருந்து இன்றும் ஒருவர் வீணை வாசிக்கக்கூடும்.

அந்நூலைச் சென்னைச் சங்கீத வித்துவத்சபை 1961 முதற் பகுதி பகுதியாகத் தமிழெழுத்தில் வெளியிட்டது. தமிழகத்தில் ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917இலும், ஈழத்து விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் 1947இலும் வெளிவந்தன. அடிகள் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர். அப்பல்கலைக்கழகம் கொழும்பை விட்டுக் கண்டிக்கு அண்மையிலுள்ள பேராதனைக்கு முழுமையாக வருமுன்னரே, யாழ்நூல் அரங்கேறிய சில கிழமைகளுள் அவர் மறைந்தார். பேராதனையில் அவருக்குப் பின் அத்துறையை வளர்த்தவர்களுள் ஒருவராகிய சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மேடைக்கேற்பச் செப்பஞ்செய்து, 1962இற் கர்ணன் போர், 1964இல் இராவணேசன் முதலியவற்றை மாணவரைக் கொண்டு ஆடுவித்தார். பாட்டின் சொல்லை ஏட்டிற் காணலாம். அதன் மெட்டும் மத்தள அடியும் அண்ணாவியாரின் வாயிலும் கையிலுமே இருந்தன. மாணவர் அவற்றைக் கேட்டே கற்றனர்.

இடையே தோன்றிய தட்டச்சுப் பொறியைப் பற்றி ஒன்று கூறுதல் தகும். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை 1930களில் அமைத்தபோது நகரா விசை என்னும் உத்தியைக் கையாண்டார். அவ்விசையை அழுத்தினால் குறி பதியும், உருளை நகராது. ஆதலின் அடுத்து வரும் எழுத்து அதே இடத்திற் பதியும். இகரம் பெற்ற ரிக்கும் நிக்கும் தலைப்புள்ளி இடவேண்டின் அப்பொறியால் எளிதில் இடலாம். இஃது எழுத்தா, இலக்கணத்துக்கு அடங்குமா என அது வினவுவதில்லை. பின்வந்த அறிவுமிக்க பொறி அங்ஙனம் வாளாவிருக்கவில்லை.

கணினியிற் கதை இரு கிளையாகப் பிரிகின்றது. மேனாட்டிசையின் பொருட்டு 1985 அளவில் அடோபி நிறுவனத்தில் கிளியோ ஹகின்ஸ் என்னும் அம்மையார் சொனாட்டா என்னும் எழுத்துருவை வரைந்தார். அன்றைய எழுத்துருவில் ஆங்கில எழுத்துக்கும் குறிக்கும் உரிய சில நூறு இடங்களே இருந்தன. ஆகவே அவ்விடங்களிலேயே இசைக்குறிகள் குடியேற்றப்பட்டன. கியூ என்னும் ஆங்கில எழுத்து இருந்த இடத்திற் கால் மாத்திரைச் சுரக்குறி; உம்மையைக் குறிக்கும் அடையாளம் இருந்த இடத்தில் ஐங்கோட்டின் தொடக்கத்தில் நிற்கும் சாவிக்குறி. 1988இல் வெளிவந்த பினாலே என்னும் இசையெழுது மென்பொருளும் இவ்வழியே சென்று, தன் எழுத்துருவுக்குப் பெத்ருச்சி என்றே பெயரிட்டது.

இதே காலத்தை ஒட்டித் தமிழுக்கும் இதே உபாயம் செய்யப்பட்டது. இலங்கையில் மிகப் பரவிய பாமினி எழுத்துருவில் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழெழுத்துக்கள் அமர்ந்தன. சொனாட்டாவிற் கால் மாத்திரையாகிய அதே கியூ பாமினியில் ங ஆயிற்று. காற்புள்ளியின் இடத்தில் இ அமர்ந்தது. அரைப்புள்ளியின் இடத்தில் மெய்க்குரிய புள்ளி அமர்ந்தது. சுரதாளக் குறிப்பு எழுதுவோர்க்கு இவ்விரண்டும் இன்றியமையாதன. காற்புள்ளி ஓர் அட்சர நீட்சியையும் அரைப்புள்ளி ஈரட்சர நீட்சியையும் குறிக்குமாதலின், பாமினியில் அவற்றை வழக்கம்போல் அழுத்திய ஆசிரியர் தாளிற் கண்டது இகரமும் மெய்ப்புள்ளியுமே. நீட்சிக்குறிக்காக எழுத்துருவை மாற்றி, சுரத்துக்காக மீண்டும் மாற்றி, வரிக்குப் பத்துமுறை அவர் மாறவேண்டியிருந்தது. பாமினியில் இலங்கை என்று எழுதிய கோப்பினை அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் றிறந்தால் காற்புள்ளி, வை, கியூ, அரைப்புள்ளி, ஐ, எவ் என்பன வரிசையாக நிற்கும். நாட்டின் பெயர் ஓரட்சரக் கார்வையோடு தொடங்கி நடுவில் ஈரட்சரம் நீள்கின்றது என நகையாடலாம். ஆனால் ஒரு பாடசாலையின் இசைத்தொகுப்பு முழுவதும் இந்நிலை எய்தினால் நகைக்க இடமிராது.

இடர் இரு கிளைக்கும் ஒன்றே. தாளிற் றோன்றும் உருவம் ஒன்று. கோப்பினுள் இருக்கும் பொருள் வேறொன்று. உருவத்தைத் தந்த எழுத்துரு நீங்கினால் எஞ்சுவது பொருந்தாப் பொருள். குடுமியான்மலையின் குறை மறுதலையாக வந்து நின்றது எனலாம். பினாலே என்னும் மென்பொருளின் வளர்ச்சி 2024 ஓகஸ்டில் நிறுத்தப்பட்டபோது, முப்பத்தைந்து ஆண்டுகளாக அதில் எழுதிக் குவித்தோர் தத்தம் கோப்புக்களை வேறிடம் கொண்டுசெல்ல விரைந்தமை இதன் அண்மைச் சான்று.

பரிகாரமும் இரு கிளையிலும் தோன்றியது. உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி முறையில் 1991 முதற் றமிழுக்கு இடம் உண்டு. இலங்கையும் அதனை ஒட்டித் தமிழெழுத்துக்கான தரத்தை வகுத்தது. மேனாட்டிசைக் குறிகள் 2001இல் அம்முறையுட் சேர்ந்தன. 2006இற் பாலித்தீவின் எழுத்துச் சேர்ந்தபோது அத்தீவின் இசைக்குறிகளும் உடன் சேர்ந்தன. 2019இற் றமிழின் பழைய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் ஐம்பத்தொன்று சேர்க்கப்பட்டன. கமகக் குறிகள் அவற்றுள் இல்லை. பாலித்தீவினர் பெற்றதை நாம் பெறாமைக்குப் பிறரை நோவதிற் பயனில்லை. நம் குறிகள் இவை என நம்முள் உடன்பாடு செய்துகொண்ட பின்னரன்றோ பிறரிடம் இடம் கேட்பது?

மேலும், ஒருங்குறியிற் றமிழ்ப்புள்ளி இலக்கணப் புள்ளியாகவே பதிவாகியுள்ளது. வலிவு ஸ எழுத விரும்பி ஸ் என அழுத்துவோர் கண்ணுக்குச் சரியானதையும் கணினிக்குத் தவறானதையும் எழுதுகின்றனர். எழுத்தை ஒலியாக்கும் மென்பொருள் அதனை மெய்யாகவே படிக்கும். நெடில் பெற்ற வலிவு ஸா எழுத முனைந்து புள்ளியையும் காலையும் ஒருங்கே சேர்த்தால் பொறி மறுத்து, துண்டுபட்ட வட்டம் ஒன்றை நடுவே வரைந்து காட்டும். மெய்யெழுத்துக்குக் கால் ஏது என்பது அதன் வினா. இலக்கணப்படி அது வினவுவது முறையே. எந்த எழுத்தின்மேலும் ஏறவல்ல பொதுப்புள்ளி ஒன்று ஒருங்குறியில் உண்டு. அடியிற் றொங்கும் புள்ளியும் உண்டு. வலிவுக்கும் மெலிவுக்கும் உரியன அவையே. ஆயின் தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் அவை இடந்தப்பி, எழுத்தின் தோளிலோ அடுத்த எழுத்தின் தலையிலோ போய் விழுகின்றன. எழுத்துரு வரைவோர் இசை எழுதுவோரை நினையாமையே காரணம்.

மேனாட்டிசைக் கிளையில் 2013இல் ஸ்டைன்பெர்க் நிறுவனத்தார் டேனியல் ஸ்பிரெட்பரி என்பாரின் முயற்சியால் இசையெழுத்துருக்களுக்கு ஒரு பொதுத்தரம் வகுத்து, அதற்கு முன்மாதிரியாகப் பிரவுரா என்னும் எழுத்துருவை யாவர்க்கும் இலவசமாக வழங்கினர். ஒருங்குறியில் எம்மொழிக்கும் உரியதாகாமல் தனிப்பயனுக்கென ஒதுக்கிய 6,400 இடங்களுள் ஒவ்வோர் இசைக்குறிக்கும் நிலையான இடமும் நிலையான பெயரும் அத்தரம் அளித்தது. அதுமுதல் எழுத்துருவை மாற்றினாலும் சாவிக்குறி சாவிக்குறியாகவே நிற்கும். பாரசீக இசையின் காற்சுருதிக் குறிகளும் அதில் இடம் பெற்றுள்ளன. சுப்பராமர் தம் நூலின் முன்பகுதியில் எழுதிவைத்த குறிவிளக்கத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர், ஒரே வேலையை இருவர் செய்துள்ளனர் என்பதை உணர்வர்.

இனி, தோட்டங்களை நோக்கலாம். கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இற் றேயிலை பயிரிட்ட காலந்தொட்டு, அதற்கு முன்னர்க் கோப்பிக் காலந்தொட்டும், இம்மலைகளுக்கு வந்த தமிழ் மக்கள் தம்முடன் கொணர்ந்த இசை கர்நாடக சங்கீதப் பாடநூலில் இடம்பெறுவதன்று. மாசி மாதத்திற் காமன் ஊன்றி ஆடும் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்பனவும், தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து பறிக்கும் பாடல்களும் அவ்விசையின் பகுதிகள். சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் பாடல்களைத் திரட்டிச் சொல்லைக் காத்தனர். தாளத்தைத் தாங்குவது தப்பு. சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, விடியலில் ஆட்களைப் பெரட்டுக்கு அழைக்க ஓர் அடி எனக் கேட்ட அளவிற் பொருள் விளங்கும்படி அடிக்கப்பட்டது அது. தொலைவில் ஒலிக்கும் தப்பைக் கேட்டு இன்ன லயத்தில் இன்ன செய்தி என அறியும் மக்களுக்கு அதனை எழுதிவைக்கும் தேவை தோன்றியிராது.

அத்தேவை 1964இன் பின்னரே புலப்பட்டிருக்கும். அவ்வாண்டு ஒக்டோபரிற் சிறிமா சாத்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டன. அடுத்து வந்த ஆண்டுகளிற் கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் புறப்பட்டுத் தலைமன்னார்க் கப்பலேறின. கூத்து வாத்தியார் ஒரு கரைக்கும் அவரிடம் பயின்ற மாணவன் மறுகரைக்குமாகப் பிரிந்தவிடத்து, இடையில் வாயாற் சொல்லி ஒப்படைக்க அவகாசம் இல்லை. எழுத்தாய் இருந்தது பெட்டியில் ஏறியது. எழுத்தாய் இராதது ஆளோடு போயிற்று.

இன்று தோட்டப் பாடசாலை மாணவர் கர்நாடக சங்கீதத்தைப் பாடமாகக் கொண்டு சுரதாளக் குறிப்பு எழுதப் பயில்கின்றனர். அப்பயிற்சியைத் தம் பாட்டனாரின் கூத்துப்பாட்டுக்கு அவர்கள் பயன்படுத்தத் தடை யாதும் இல்லை. மெட்டினை ஏழெழுத்தாலும் இரு பொதுப்புள்ளியாலும் பெரும்பாலும் எழுதிவிடலாம். தப்புக்கோ கெட பெரயவுக்கும் மிருதங்கத்துக்கும் இருப்பதுபோலப் பலரும் ஒப்பிய சொற்கட்டு முதலில் வேண்டும். தடித்த குச்சி நடுவில் விழுவது ஒன்று, மெல்லிய நெடுங்குச்சி விளிம்பிற் றெறிப்பது ஒன்று, இரண்டும் ஒருங்கு விழுவது ஒன்று, தோலை அடைத்து அடிப்பது ஒன்று என அடிப்போரைக் கேட்டு வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் அவரே வாயாற் சொல்லும் அசையைப் பெயராக இடல் வேண்டும். பெயர் நிலைத்தபின் குறி வரைவது எளிது. மேற்கூறிய பொதுத்தரத்தார் தனிப்பயன் இடங்களுள் ஒரு பகுதியைத் தாம் நிரப்பாது, எழுத்துரு வரைவோர் தத்தம் குறிகளை வைத்துக்கொள்ளுமாறு விட்டுவைத்துள்ளனர். தப்பின் அடி நான்கானாலும் எட்டானாலும் அங்கே அவற்றுக்கு இடம் உண்டு. உடன் வைக்கவேண்டியது, எட்டயபுரத்தார் வைத்ததுபோல, இன்ன குறிக்கு எந்தக் குச்சி எங்கே விழவேண்டும் எனக் கூறும் ஒரு பக்கம்.